தாய் பழக்கிய விடியற்காலை: சாது சுந்தர் சிங்கின் ஜெப வாழ்க்கை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு விடியற்காலை நான்கு மணி எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயத்தில் முதலில் எழுபவர் அம்மா. அடுப்பு மூட்டி, தண்ணீர் காயவைத்து, பகல் சாப்பாட்டையும் கட்டி முடிப்பதற்குள் பெரட்டுக்கு நேரமாகிவிடும். பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டில் இறங்கினால்தான் அன்றைய கூலி. இந்த நேரத்தைத் துரையோ கிராணியோ மட்டும் வகுக்கவில்லை. மரமும் சேர்ந்தே வகுத்தது. குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும்.

அதே நேரத்தைத்தான் இறைவனுக்கு உரிய நேரம் என்றும் பெரியவர்கள் சொன்னார்கள். இந்துக்களுக்கு அது பிரம்ம முகூர்த்தம். நம் பழைய இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தபோது அதற்கு வைகறை என்று தனிப் பெயரே கொடுத்தது. இயேசு இருட்டோடு எழுந்து, ஆள் இல்லாத இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது.

ஆக, தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இரண்டு கடமைகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்று பெரட்டு, மற்றொன்று ஜெபம். மெத்தடிஸ்ட், லுத்தரன் வீடுகளில் ஜெபம் என்பார்கள், கத்தோலிக்க வீடுகளில் செபம் என்பார்கள். எழுத்து வேறானாலும் சிக்கல் ஒன்றுதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில் ஜெபிப்பது? அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூலிக்காரனுக்கு உண்டா?

இந்தக் கேள்வியோடு சாது சுந்தர் சிங்கின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையிலிருந்து சற்று வேறான ஒரு மனிதர் தெரிகிறார்.

அம்மாவின் பாடம்

காவி அங்கி, தலைப்பாகை, தாடி, கையில் வேதாகமம். சாதுவின் இந்தப் படத்தைப் பல கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். அவர் தமிழர் அல்லர். 1889 செப்டம்பர் 3ஆம் நாள் பஞ்சாபில், லூதியானாவுக்கு அருகிலுள்ள ராம்பூரில், வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஷேர் சிங் நிலபுலன் உள்ளவர்.

அவரை உருவாக்கியது தாய். சீக்கியக் குடும்பமாக இருந்தாலும் அந்த அம்மையார் பகவத் கீதையையும் வாசித்தவர். சாதுக்களைத் தேடிப் போய் வணங்கியவர். மகனும் உலக ஆசையை விட்ட ஒரு சாதுவாக வர வேண்டும் என்று விரும்பினார். ஏழு வயதிலேயே சுந்தருக்குக் கீதை மனப்பாடம் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

தினமும் பொழுது விடியும் முன் எழுவது தாயின் வழக்கம். குளித்துவிட்டுத் திருநூல்களை வாசிப்பார். மகனுக்கும் ஒரே சட்டம்தான்: எழுந்ததும் முதலில் இறைவேண்டல், அதன் பிறகுதான் சாப்பாடு. பசிக்கிறது என்று சிறுவன் அடம்பிடித்த நாட்களும் உண்டு. தாய் சில நாள் கொஞ்சினார், சில நாள் தண்டித்தார், ஆனால் சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை. தம் பிற்கால வாழ்வுக்கெல்லாம் அந்தப் பழக்கமே அடித்தளம் என்று சாது பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இறையியல் கல்லூரியைவிடத் தாய்க்கே தாம் அதிகம் கடன்பட்டவர் என்பது அவர் கருத்து.

சுந்தருக்கு 14 வயதானபோது தாய் இறந்துவிட்டார். அந்த அம்மையார் கிறிஸ்தவர் ஆகாமலேயே மறைந்தவர். பிற்காலத்தில் உலகம் சுற்றிய கிறிஸ்தவத் துறவியான மகனிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, தாயைப் பரலோகத்தில் காணாவிட்டால் தம்மையும் தாய் இருக்கும் இடத்துக்கே அனுப்பும்படி இறைவனிடம் கேட்பேன் என்ற பொருளில் பதில் சொன்னார். ஒரே லயத்தில் மாரியம்மனையும் மாதாவையும் வணங்கி வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இந்தப் பதிலின் கனம் புரியும்.

மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை

தாய் போன பிறகு சுந்தரின் மனம் நிலைகொள்ளவில்லை. படித்தது மிஷன் பள்ளியில். அங்கே கற்பித்த வேதாகமத்தின் மேல் அவருக்குக் கடும் வெறுப்பு. 1904 டிசம்பர் 16ஆம் நாள், எல்லாரும் பார்க்க அதைக் கிழித்துத் தீயில் போட்டார். ஆனால் எரித்த பிறகும் அமைதி கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 18ஆம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தார். பஞ்சாப் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தார். கடவுள் என்று ஒருவர் இருந்தால் தமக்கு வழி காட்ட வேண்டும் என்று வேண்டத் தொடங்கினார். வழி தெரியாவிட்டால், ஐந்து மணிக்கு வீட்டருகே போகும் ரயிலின் முன் தலையை வைத்துவிடுவது என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தார். நான்கரை மணி வாக்கில் அறை முழுவதும் ஒளி நிறைந்ததாகவும், அதில் இயேசுவைக் கண்டதாகவும் அவர் கடைசி வரை சாட்சி சொன்னார்.

அந்தக் காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கவனிக்க வேண்டியது நேரத்தை. உயிரை விடலாமா என்று நினைத்த ஓர் இளைஞர், நள்ளிரவையோ மாலையையோ தேடிப் போகவில்லை. அம்மா எழும் அதே நேரத்தில் எழுந்து, அம்மா செய்தது போலவே குளித்து, அம்மா உட்காருவது போலவே உட்கார்ந்தார். எல்லா நம்பிக்கையும் போன பிறகும் சிறு வயதில் பழகிய நேரம் மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது. ரயில் வருவதற்குள் அவர் வாழ்க்கை திசை மாறியது.

குடும்பம் இதை ஏற்கவில்லை. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1905 செப்டம்பர் 3ஆம் நாள், தமது 16ஆம் பிறந்தநாளன்று, சிம்லாவில் திருமுழுக்குப் பெற்றார். அடுத்த மாதமே காவி உடுத்தி, செருப்பில்லாமல் நடக்கத் தொடங்கினார். மேல்நாட்டு உடையில் வரும் கிறிஸ்தவத்தை இந்திய மண் அந்நியமாகப் பார்த்தது என்பது அவருக்குத் தெரியும். தாய் ஆசைப்பட்ட சாதுக் கோலத்திலேயே அவர் கிறிஸ்துவைப் பற்றிப் பேசப் புறப்பட்டார். மலைப் பாதைகளில் நடந்து கால் வெடித்து இரத்தம் கசிந்ததால், இரத்தம் சிந்தும் பாதங்களின் அப்போஸ்தலர் என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

எண்ணி முடிக்காத 40 கற்கள்

சிம்லாவை அடுத்த சபாத்துவில் தொழுநோயாளர் இல்லத்தில் சிறிது காலம் சேவை செய்தார். 1909இல் லாகூரில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் பணியாற்றும் போதகராக இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. கிடைத்த உரிமப் பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் நடந்தார். கோடையில் பனி விலகிக் கணவாய்கள் திறந்ததும் இமயத்தைத் தாண்டித் திபெத் பக்கம் போவதும், குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கி வருவதும் அவர் வழக்கம்.

ஜெபத்துக்கு எந்த இடம் ஏற்றது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1913இல், இயேசுவைப் போல 40 நாள் உண்ணாமல் ஜெபிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, ஹரித்வாருக்கும் டேராடூனுக்கும் இடைப்பட்ட காட்டுக்குள் போய் உட்கார்ந்தார். நாள் கணக்குத் தவறாமல் இருக்க 40 கற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக அகற்றி வந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நாட்கள் போகப் போகக் கண் மங்கியது, காது அடைத்தது. கல்லை எடுத்துப் போடும் வலுவும் கையில் இல்லை. கடைசியில் மூங்கில் வெட்ட வந்தவர்கள் கண்டெடுத்துத் தூக்கிப் போய்க் காப்பாற்றினார்கள். இதற்குள் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியும் பரவிவிட்டது.

அந்தத் தனிமையில் தமக்கு ஆழ்ந்த அமைதி கிடைத்தது என்று அவர் பின்னர் சொன்னார். ஆனால் 40 நாளை அவர் முடிக்கவில்லை. அவரைப் பிழைக்க வைத்தது, அன்றாடக் கூலிக்காகக் காட்டுக்குள் வந்த ஏழைத் தொழிலாளிகளின் கைகள். சாதுவின் ஜெப வாழ்க்கையைப் பேசும்போது அந்தக் கைகளை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு நிகழ்ச்சியும் இதனோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. பனி கொட்டும் மலைப் பாதையில் அவரும் ஒரு திபெத்தியரும் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஒருவர் விழுந்து கிடந்தார். நின்றால் நாமும் செத்துவிடுவோம் என்று துணைக்கு வந்தவர் முன்னே நடந்துவிட்டார். சாது விழுந்தவரை முதுகில் சுமந்தார். சுமையினால் உடம்பு சூடேற, இருவரும் பிழைத்தார்கள். முன்னே போனவர் பனியில் உறைந்து கிடந்தார். தனிமையை இவ்வளவு நேசித்த மனிதர் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த கதை இதுதான்.

மலாயா வழியாகப் போன சாது

1918இல் அவர் தென்னிந்தியாவுக்கு வந்தார். சென்னை, திருவிதாங்கூர் என்று போன இடமெல்லாம் கூட்டம். இந்துஸ்தானியில் அவர் பேச, உடனிருந்தவர்கள் மொழிபெயர்த்தார்கள். அங்கிருந்து இலங்கை, பிறகு பர்மா, மலாயா, சிங்கப்பூர். 1919இல் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போய்த் திரும்பினார். கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்து மலாயாத் தோட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கப்பல்களில் வந்த தமிழர்களிடையே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.

சாதுவின் ஜெப முறையை உலகத்துக்கு எழுதிக் காட்டியதில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி 1920இல் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்த சாதுவோடு பல நாள் பேசிப் பழகி, பேராசிரியர் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து தி சாது என்ற ஆங்கில நூலை 1921இல் வெளியிட்டார். பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கியவர் இவர்தான்.

அந்த நூல் காட்டும் சாதுவின் அன்றாட ஜெபம் மிக எளிமையானது. காலையில் முதலில் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். மனத்தில் தைத்த இடத்தில் நின்று யோசிப்பார். அதன் பிறகு ஜெபம். இதைக் கொடு, அதைக் கொடு என்று கேட்பது அதில் குறைவு. பேசாமல் இறைவனோடு இருப்பதே அதிகம். இந்த ஆசனத்தில்தான் உட்கார வேண்டும், முழங்காலில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. மூச்சு விடுவது உடம்புக்கு எப்படியோ அப்படி ஜெபம் உயிருக்கு என்பது அவர் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

புகழ் கொண்டுபோன நேரம்

1920இல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா. 1922இல் பாலஸ்தீனம், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் முதலிய நாடுகள். இயேசு நடந்த இடங்களை நேரில் கண்டது அவருக்குப் பெருமகிழ்ச்சி. முதல் பயணத்துக்கு வழிச்செலவைக் கொடுத்தவர், ஒரு காலத்தில் அவரை ஏற்காத தந்தை ஷேர் சிங். அதற்குள் அவரும் கிறிஸ்துவை ஏற்றிருந்தார்.

ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானோர் திறந்தவெளியில் கூடி அவர் பேச்சைக் கேட்டார்கள். எந்த மணிக்கு எந்த மண்டபம், யாரோடு சந்திப்பு என்று எல்லாமே அட்டவணைக்குள் போயிற்று. தோட்டத்துக் கூலிக்கு எஜமானின் மணி என்றால், சாதுவுக்கு இரசிகர்களின் மணி. மேல்நாட்டு மக்களுக்கு அமைதியாக இருக்க நேரமில்லை என்று வருந்தியவரின் நேரத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மலை உச்சியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கும் தம் காலை நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

அவரை விமர்சித்தவர்களும் இருந்தார்கள். திபெத் பயணங்களைப் பற்றியும் அற்புதங்களைப் பற்றியும் அவர் சொன்னவற்றில் சிலவற்றை இயேசு சபைக் குருக்கள் சிலர் வெளிப்படையாகவே சந்தேகித்தார்கள். ஐரோப்பாவில் இது பெரிய விவாதமாக நடந்தது. சாது அதற்காக மேடை ஏறிச் சண்டை போடவில்லை. உடல்நலமும் குன்றியிருந்தது. சபாத்துவில் தங்கி எழுதத் தொடங்கினார். குருவின் பாதத்தில் அமர்ந்து சீடன் கேட்பது போல அமைந்த நூல் உட்பட, அவருடைய சிறு நூல்கள் எல்லாம் 1920களில் வெளிவந்தவை.

1929 ஏப்ரல் 18ஆம் நாள், உடம்பு முழுவதும் தேறாத நிலையிலேயே, மீண்டும் திபெத்துக்குப் புறப்பட்டார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. நண்பர்கள் தேடிப் போயும் தடயம் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 39. 1933இல் இந்திய அரசு அவர் இறந்ததாக ஏற்றுக்கொண்டது. கல்லறை இல்லாததால், போய் நின்று ஜெபிப்பதற்கு ஓர் இடத்தைக்கூட அவர் விட்டுச் செல்லவில்லை.

பெரட்டு நின்ற பிறகு

சாதுவைப் போல இருங்கள் என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளியிடம் சொல்வது நியாயமாகாது. அவருக்கு மனைவி மக்கள் இல்லை, கடைக்காரன் கணக்கு இல்லை. நினைத்தபோது மலை ஏறலாம். நம் தோட்டத்து வீடுகளில் தனி அறை என்பதே அபூர்வம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்ன இயேசுவின் வார்த்தையைக் கேட்டபோது, எந்தக் கதவை என்று யோசித்தவர்கள் நம்மில் உண்டு. போதகரோ ஃபாதரோ எல்லா வாரமும் வர முடியாத தோட்டங்களில் மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாடி ஜெபித்ததுதான் வழிபாடு. அந்த நேரத்தையும் இடத்தையும் தொழிலாளிகள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் சாதுவின் கதை மலையில் தொடங்கவில்லை. ராம்பூரில் ஒரு வீட்டில், சமையலுக்கு முன்னே எழுந்த ஒரு தாயிடம் தொடங்கியது. அந்தத் தொடக்கம் எந்த லயத்துக்கும் எட்டாத ஒன்றல்ல. அந்த அம்மையார் மகனுக்குக் கொடுத்தது நீண்ட நேரமல்ல, மாறாத நேரம். அதுதான் 1904 டிசம்பரில் அவரை ரயிலின் முன்னே போகாமல் தடுத்து உட்கார வைத்தது.

இன்று நிலைமை வேறு. நீலாயிலும் சிரம்பான் 2இலும் ஒரு காலத்தில் மரங்கள் நின்ற நிலத்தில் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பெரட்டு மணி போய், செனாவாங் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் பேருந்தின் நேரம் வந்துவிட்டது. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். அப்பா வரும் நேரத்தில் மகள் புறப்படுகிறாள். தோட்டத்தில் கதவு இல்லாமல் தவித்த குடும்பத்துக்கு இப்போது மூன்று அறைகள் இருக்கின்றன, மூன்றிலும் கதவு இருக்கிறது. ஆனால் எல்லாரும் விழித்திருக்கும் ஒரு நேரம் இல்லை. ஞாயிறு ஆராதனையில் ஒரே வரிசையில் உட்காரும் குடும்பங்கள், மற்ற ஆறு நாளில் ஒருமுறைகூடச் சேர்ந்து ஜெபிப்பது கடினமாகிவிட்டது.

இதற்கு 40 நாள் நோன்பு விடையல்ல. சாதுவுக்கே அது முடியவில்லை. மூன்று மணிக்குத்தான் எழ வேண்டும் என்பதும் இல்லை. இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்குக் காலை ஏழரைதான் வைகறை. பேதுரு நண்பகலில் வீட்டு மாடியில் ஜெபித்தார். பவுலும் சீலாவும் நள்ளிரவில், சிறையில், காலில் தொழுமரம் மாட்டிய நிலையில் ஜெபித்தார்கள். மூவரில் ஒருவரும் நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

வேண்டியது ஒரே ஒரு நேரமும் ஒரு மூலையும். பத்து நிமிடமானாலும் போதும், ஆனால் பிள்ளைகளின் கண்ணில் அது பட வேண்டும். சுந்தர் என்ற சிறுவன் தன் தாயிடம் கற்றதில் பெரும்பகுதி கேட்டுக் கற்றதல்ல, தினமும் பார்த்துக் கற்றது. அந்தத் தாய்க்கு வரலாற்றில் தனிப் புத்தகம் இல்லை. பெரட்டுக்கு முன்னே எழுந்து, அடுப்பு பற்றிக்கொள்ளும் வரை வாய்க்குள்ளேயே ஜெபித்து முடித்த நம் பாட்டிமார்களுக்கும் இல்லை. அவர்கள் நேரம் தவறாமல் எழுந்தார்கள் என்பதை அறிந்த கடைசித் தலைமுறை இப்போது நம்மிடையே இருக்கிறது. அது எத்தனை மணி, எந்த மூலை என்று அவர்களிடம் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.